வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

1

போன வாரம் வேலையில் எனக்கு வாய் தவறிவிட்டது. நாற்காலியில் மல்லாந்து படுத்திருந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபதைத் தாண்டிய கனடாக்காரர். விளக்கை அவர் முகத்துக்கு நேரே இழுத்துவிட்டு, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்தபடியே சொன்னேன்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

தமிழில் சொன்னோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்து, என்ன சொன்னாய் என்று ஆங்கிலத்தில் கேட்ட பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். "முதலில் சொன்னதே நன்றாக இருந்தது," என்று சொல்லி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்துப் பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தமும் அந்தச் சொட்டும் சேர்ந்து, ஏதோ மழை நாளில் ஊரில் என் பழைய கேம்ப் ரோடு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் தமிழ் பேசியதில்லை. டிசம்பரில் தாம்பரம் போய்விட்டு வந்ததிலிருந்துதான் இப்படி. இரண்டு ஊருக்கும் நடுவே எனக்குள் இருந்த கதவு அதற்குப் பிறகு சரியாகச் சாத்தவே மாட்டேன் என்கிறது.

காரணம் என் மகள். பத்தொன்பது வயது. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரை மட்டும் மாத்திடும்மா" என்றாள். ஆகவே இங்கே அவள் ஜெனி.

2

என் வேலை என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது எப்போதுமே கஷ்டம். சேலையூரில் கேம்ப் ரோட்டில், மருந்துக் கடைக்கு மாடியில், நானும் என்னோடு படித்த மல்லிகாவும் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தோம். பல்லைப் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாமே அங்கே டாக்டர் வேலைதான். சுத்தம் செய்யத்தான் யாரும் வர மாட்டார்கள். "க்ளீன் பண்ணா பல்லு ஆடிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

இங்கே அந்த வேலைக்கென்றே தனி ஆள். அதுதான் டென்டல் ஹைஜீனிஸ்ட். என் பட்டத்தை இந்த நாடு எடைபோட்டு முடிக்கவே நீண்ட காலம் பிடித்தது. சான்றிதழ் உறையின் மேல் முத்திரை கொஞ்சம் கலைந்திருந்தது என்று ஒரு முறை, பெயரில் இருக்கும் இனிஷியலுக்கு விளக்கம் வேண்டும் என்று ஒரு முறை, காகிதங்கள் கடல் தாண்டிப் போய்ப் போய் வந்தன. டாக்டராகவே ஆவதற்கு இன்னும் பல தேர்வுகள் இருந்தன. வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருந்தாள். நான் ஹைஜீனிஸ்ட் ஆனேன். "அப்போ நர்ஸ் மாதிரியா?" என்று என் பெரியம்மா போனில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பேச்சு சுருக்கமாக முடியட்டும் என்று.

பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுப்பது இந்த வேலையில் ஒரு பகுதிதான். அதற்கு முன்னால் நிறைய இருக்கிறது. வந்தவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தாடைக்குக் கீழே, கழுத்தில், கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை ஒவ்வொரு பல்லுக்கும் அளந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, நான்கு. வாய் ஆங்கிலத்தில் சொல்லும், மனம் தமிழில் எண்ணும். சில நாள் தூக்கத்தில் கூட அந்த எண்கள் அலை மாதிரி வந்து போகும்.

எனக்குப் பழகவே பழகாத விதி ஒன்று உண்டு. கண்ணில் பட்டதைச் சொல்லலாம், அதற்கு நோயின் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைப்பது டாக்டர் வேலை. "இந்த இடம் இப்படி இருக்கிறது, டாக்டர் வந்து பார்ப்பார்" என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். வந்த புதிதில் இது எனக்கு அவமானமாக இருந்தது. சேலையூரில் எத்தனையோ பேருக்கு நோயின் பெயரைச் சொன்ன வாய் இது.

இன்னொரு விதி இரண்டு ஊருக்கும் பொது. வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்வோம். நாங்கள் வலப்பக்கம் உட்கார்வதால், வலது கையைத் தூக்கினால் கருவியில் இடிக்கும். கை மேலே போனால் உடனே நிறுத்த வேண்டும். எங்கே வலிக்கிறது, இதற்கே வலிக்கிறதா, இன்னும் ஒரு நிமிடம்தான் என்றெல்லாம் சொல்லக் கூடாது. வாயிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாய்க்குள் நம் கை இருக்கும்போது கேள்வி கேட்டால் யாரால்தான் பதில் சொல்ல முடியும்?

3

டிசம்பரில் போனது என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்காக. கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானும் ஜெனியும் மட்டும் போனோம். பள்ளிக்கரணையில் என் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டில் தங்கினோம். ஏழாவது மாடி. பால்கனியில் நின்றால் கீழே சதுப்பு நிலம் முழுக்கத் தெரியும். காலையில் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் கிடக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, கோரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் அடிப்பாகம் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். பிறகு வெயில் ஏறும், குப்பைமேட்டு வாசனை வரும், ரோட்டில் ஹாரன் தொடங்கும்.

பதினான்கு வயதுக்குப் பிறகு ஜெனி என்னிடம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு விதமாகவும்தான். அவள் பல்லை வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள், "அம்மா, அது வியர்டா இருக்கு" என்று. படிப்புக்காக வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிய பிறகு போன் பேச்சும் சுருங்கிவிட்டது. அவள் அப்பா கேட்பது ஒரே கேள்வி: "சாப்ட்டியா?" அவள் சொல்வது ஒரே பதில்: "சாப்ட்டேன்." வீட்டுக்கு வந்திருக்கும்போது கூப்பிட்டால், "நான் பசி இல்லை" என்பாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லணும்டி என்று திருத்துவேன். அவள் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் தாம்பரத்தில். கோயிலில் பாதிரியார் ஆசீர்வாதம் முடிந்து மண்டபத்தில் பிரியாணி, தயிர்ப் பச்சடி, பிரெட் அல்வா. பெரியம்மா ஜெனியின் கன்னத்தைக் கிள்ளினார்.

"கனடா தண்ணி நல்லா ஒத்துக்கிச்சுடி உனக்கு! போன தடவ வரும்போது குச்சி மாதிரி இருந்த."

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெனியும் சிரித்தாள், இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள், இன்னொரு அல்வாவும் வாங்கிக்கொண்டாள். பிறகு எழுந்து கைப்பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள்.

ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு என் முழங்கையை இடித்தாள். "அக்கா, இவள பாரேன்! வூட்டுலயும் அப்படித்தான். சாப்ட்ட கையோட போய் பல்லு தேய்க்கறா. என் பையன காலைல ஒரு தடவ தேய்க்க வைக்கவே நான் தொண்ட கிழிய கத்தறேன்."

"பின்ன? யார் பொண்ணு?" என்றேன்.

இதை நான் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். என் வேலையிடத்தில் சொல்லியிருக்கிறேன், எங்கள் தெருவில் சொல்லியிருக்கிறேன், கோயிலில் என் பக்கத்தில் உட்காரும் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். ஹைஜீனிஸ்ட் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடுவாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தமும் குழாய் நீண்ட நேரம் ஓடும் சத்தமும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கின்றன. வேறு எதில் அவள் என்னைப் போல இல்லாவிட்டாலும் இதில் இருக்கிறாளே என்று.

4

மறுநாள் மதியம் ஜெனியையும் கூட்டிக்கொண்டு கேம்ப் ரோடு கிளினிக்குக்குப் போனேன். மல்லிகா இன்னும் அங்கேதான். மருந்துக் கடை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. மாடிப்படி அதே செங்குத்து.

கதவைத் திறந்தது ராணி அக்கா. நாங்கள் கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து உதவிக்கு இருப்பவர். "இன்னா டாக்டரம்மா, ஆளே அடையாளம் தெரியல! இது நம்ம பாப்பாவா? அட, இந்த ஸ்டூல் மேலதான குந்திகினு இருக்கும், பஞ்ச உருட்டி உருட்டி வெச்சிகினு!"

ஜெனிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அந்த ஸ்டூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாடி கனடா," என்று மல்லிகா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பல்ல தேச்சு வெள்ளிக்காசு சம்பாதிக்கறியாமே."

பேசிக்கொண்டே இருக்கும்போது நாற்காலியைக் காட்டி, "ஜெனி, உக்காரு. இங்க வந்துட்டு வாய காட்டாம போனா கிளினிக்குக்கு மரியாதை இல்ல" என்றாள். ஜெனி வேண்டாம் என்றாள். மல்லிகா விடவில்லை. "ஏய், சின்ன வயசுல நீ அழுதா நான்தான் கைல பலூன் ஊதிக் குடுப்பேன், ஞாபகம் இருக்கா?" கையுறையை ஊதிச் செய்கிற பலூனைச் சொன்னாள். ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதே நேரம் படியில் ஒரு குழந்தை வீறிட்டது. விழுந்து பல் உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். மல்லிகா அடுத்த அறைக்கு ஓடினாள். ராணி அக்காவும் பின்னாலேயே. "நீயே பாத்துக்கோடி," என்று மட்டும் மல்லிகாவின் குரல் கேட்டது.

நானும் ஜெனியும் மட்டும். அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையுறை போட்டு, விளக்கை இழுத்தேன். "வலிச்சா இடது கையைத் தூக்கு," என்றேன். பழக்கம்தான்.

கழுத்தைத் தடவினேன். தாடையின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழே, கொஞ்சம் உப்பலாக இருந்தது. கல்யாணத்தில் பெரியம்மா கிள்ளியது அந்த இடத்தைத்தான். கண்ணாடியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் பார்க்காத பக்கம் அது. சிரித்தாலும் தெரியாது. மற்ற பற்களில் பளபளப்பாக இருக்கும் அந்த மேல்பூச்சு அங்கே கரைந்து, மழையில் நனைந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று மஞ்சளாக இருந்தது.

புளிப்பு குடித்தால் பல் தேயும். எலுமிச்சை, சோடா எல்லாவற்றுக்கும் அந்தக் குணம் உண்டு. அந்த ஒரு நொடியில் நான் எலுமிச்சையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா வீட்டில் அவள் குடித்த ஜூஸை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஆனால் குடிக்கிற புளிப்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்தைத்தான் அரிக்கும். உள்பக்கத்தை இப்படி அரிப்பது வயிற்றிலிருந்து மேலே வரும் அமிலம். நெஞ்செரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இப்படி வரும். சாப்பிட்டதைத் தாமே வாந்தியாக வெளியே எடுத்துவிடுகிறவர்களுக்கும் வரும்; அவர்களுக்குக் காதுக்குக் கீழே எச்சில் சுரப்பியும் வீங்கும். என் வேலையிடத்தில் இரண்டு விதமானவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெண் வந்த அன்று வீட்டுக்கு வந்து, பாவம், அவள் அம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று கணவரிடம் சொன்னேன். அப்போது மாடியில் ஜெனியின் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மெலிந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ. ஜெனி மெலியவில்லை.

என் கண்ணாடி அசையாமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஜெனி கண்ணைத் திறந்தாள். முகக்கவசத்துக்கு மேலே என் கண் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அது போதுமாக இருந்தது.

இடது கை மேலே போனது.

"எப்பலேர்ந்துடி?" என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏன், யாராவது ஏதாவது சொன்னார்களா, எனக்கேன் சொல்லவில்லை, எல்லாமே வரிசையாக நின்றன. கை மேலேயே இருந்தது. நான் கண்ணாடியை வெளியே எடுத்தேன். விளக்கை அணைத்தேன். அடுத்த அறையில் குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. ராணி அக்கா அதற்குப் பலூன் ஊதிக்கொண்டிருந்திருப்பார்.

5

அங்கிருந்து ஆட்டோவில் திரும்பினோம். வேளச்சேரி ரோட்டின் நெரிசல் முழுக்க அவள் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, பல்லு புடுங்கிட்டாங்களா? ரெண்டு பேரும் பேசவே மாட்றீங்க" என்றார். ஜெனி, "இல்ல அண்ணா" என்றாள். அவள் அன்று மாலை வரை பேசியது அவ்வளவுதான்.

ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்தாள். பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் இறங்கி, சதுப்பு நிலத்துத் தண்ணீர் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. அவளே வந்து உட்கார்ந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவாகப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவாகப் பேசினால் அழுவேன், அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். ஆகவே கனடாவில் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே பேசினேன்.

"மேல் முன்பல்லு, உள்பக்கம் தேஞ்சிருக்கு. காதுக்குக் கீழ கொஞ்சம் வீக்கம். நான் பாத்தது அவ்வளவுதான். பேர் எதுவும் வெக்கல."

அவள் நாற்காலிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள்.

"பேர் வெக்கறது டாக்டர் வேலை. நாம சேர்ந்து போலாம்."

கை மறுபடி மேலே போனது. நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் உயரம்தான். நான் நிறுத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஒரு கூழைக்கடா எங்கள் உயரத்துக்கே பறந்து வந்து, இறக்கையை அடிக்காமல், ஏதோ நினைத்துக்கொண்டே போவது போல மெதுவாகத் தாண்டிப் போனது. கீழே ரயில்வே மேம்பாலத்தில் வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கை இறங்கியது.

"அம்மா, நீ அவங்ககிட்டல்லாம் சொல்லுவல்ல," என்றாள், "நான் பிரஷ் பண்றத. ரொம்ப ப்ரௌடா சொல்லுவ."

"ஆமா."

"அப்ப எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்."

"சரிம்மா."

"நீ சொல்றத ஸ்டாப் பண்ணிட்டா உனக்கு டவுட் வந்துருச்சுன்னு ஆயிடும். அதனால ஸ்டாப் பண்ணவும் வேணாம்னு நெனப்பேன்."

அவள் அழுதாள். நான் கையை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு அவளாகவே நாற்காலியை இழுத்து என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள்.

6

இப்போது இங்கே வாரம் ஒரு நாள் அவளை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். அங்கே போய்ச் சேர்வதற்கே எத்தனை படிவம், எத்தனை காத்திருப்பு. ஒரு படிவத்தில் உங்கள் உறவு என்ன என்ற கட்டத்தில் ஹைஜீனிஸ்ட் என்று எழுதிவிட்டு அடித்தேன். அவள் உள்ளே போனால் நான் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது வயது என்பதால் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். மற்றவர்களின் வாய்க்குள் எல்லாவற்றையும் பார்ப்பவள், இங்கே மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கல்லூரியின் இந்தப் பருவத்தை வீட்டிலிருந்தே படிக்கிறாள். கணவரிடம் சொன்ன அன்று அவர் எழுந்து டிவியை அணைத்தார். பிறகு, "நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"சாப்ட்டியான்னு கேக்காதீங்க."

"வேற என்ன கேக்கறது?" என்றார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். இப்போது அவர் வேலைவிட்டு வந்ததும் அவள் அறை வாசலில் நின்று, "வெளிய குளிருது" என்கிறார். "ஆமாப்பா" என்கிறாள் அவள். சில நாள் அதற்கு மேலும் போகிறது.

என் வேலையில் எல்லாருக்கும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. அமிலம் பட்ட பல்லை உடனே தேய்க்கக் கூடாது. இளகியிருக்கும் பூச்சு பிரஷ்ஷோடு போய்விடும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இதை ஜெனியிடமும் சொன்னேன். சாப்பிட்டதும் எழுந்து போகாமல் யாரோடாவது உட்கார்ந்திருப்பது நல்லது என்று அவள் மருத்துவரும் சொல்லியிருக்கிறாராம். ஆகவே இரவு உணவுக்குப் பிறகு சோபாவில் நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். டிவி ஓடும், ஓடாமலும் இருக்கும். எல்லா நாளும் நன்றாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது நான் அங்கேயே இருந்ததைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. வந்து உட்கார்ந்தாள்.

நேற்று சாம்பார் சாதம். வெளியே பனி உருகும் சொட்டு. நான் எதுவும் கேட்கவில்லை. அவள் போர்வையை இருவர் முழங்காலுக்கும் இழுத்துவிட்டாள்.

"அம்மா, சித்தி வீட்டு பால்கனில ஒரு பேர்ட் வந்துச்சுல்ல. பெரிய மூக்கு, கீழ பை மாதிரி."

"கூழைக்கடா."

"கூழக்கடா," என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அது ஏன் விங்ஸே ஆட்டல?"

"காத்து தூக்கிட்டுப் போச்சு போல."

"நாம அங்க எவ்ளோ நேரம் உக்காந்திருந்தோம்?"

தெரியாது என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, மண்டபத்து அல்வாவைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி, ஆட்டோக்கார அண்ணன் கேட்டதைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக. ஓரிடத்தில் "நான் பயம் அன்னைக்கு" என்றாள். நான் திருத்தவில்லை.

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது. பல் தேய்க்கப் போகலாம் என்று நான் சொல்லவில்லை.